கோழி கூவுச்சு... குதிரை கிளம்புச்சு! டஸ்கனியில் ஒரு வாரம் சவாரி, சாப்பாடு, வைன்

திருத்தணிக்காரங்களுக்கு எல்லைக் கதை ஒண்ணும் புதுசில்லை. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானப்போ, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து எங்க ஊரும் அந்தப் பக்கம் போயிடுச்சு. ம.பொ.சி-யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் கமிஷன் எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது.

இத்தாலியில் இதே மாதிரி ஓர் எல்லைச் சண்டையை ரெண்டு குதிரை, ரெண்டு சேவலை வெச்சு முடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. ஃப்ளாரன்ஸ், சியன்னா ரெண்டும் அப்போ தனித்தனி நாடுகள். நடுவில் இருக்கும் கியான்டி மலைப்பகுதி யாருக்குன்னு தீராத தகராறு. கடைசியில் ஒரு டீலுக்கு வந்தாங்க. விடியக்காலையில் சேவல் கூவியதும் ரெண்டு ஊரில் இருந்தும் ஒவ்வொரு குதிரை வீரர் கிளம்பணும், ரெண்டு பேரும் எங்கே சந்திக்கிறாங்களோ அதுதான் எல்லை. சியன்னாக்காரங்க வெள்ளைச் சேவலுக்கு நல்லா தீனி போட்டு வளர்த்தாங்க. ஃப்ளாரன்ஸ்காரங்க கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டாங்க. பசியில் அது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவிடுச்சு. ஃப்ளாரன்ஸ் குதிரை பாதி தூரத்துக்கும் மேலே ஓடி வந்து, சியன்னாவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முன்னாடி ஃபோன்டேருடோலி என்ற இடத்தில் எதிராளியைப் பிடிச்சது. கியான்டி கிட்டத்தட்ட முழுசா ஃப்ளாரன்ஸுக்கு!

கதைதான். ஆனா அந்தக் கறுப்புச் சேவல் இன்னைக்கும் கியான்டி கிளாசிகோ வைன் பாட்டிலின் கழுத்தில் நிக்குது. அங்குள்ள வைன் தயாரிப்பாளர்கள் 1924-ல் சங்கம் ஆரம்பிச்சப்போ அதைத்தான் சின்னமா எடுத்துக்கிட்டாங்க.

அந்தக் குதிரைகள் ஓடியதாகச் சொல்ற நிலத்தில்தான் இப்போ ‘ரைடிங் ஹாலிடே’ நடக்குது. ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. சைப்ரஸ் மரங்கள், சூரிய அஸ்தமனம், ஒரு கையில் கடிவாளம், இன்னொரு கையில் வைன் கிளாஸ். அந்த கிளாஸ் போட்டோவுக்கு மட்டும்தான் என்பதை முதல்லயே சொல்லிடறேன்.

எப்படி நடக்கும்?

பொதுவா ஒரு வாரம். ஒரு பண்ணை வீட்டில் தங்கி தினமும் வேற வேற பாதையில் போயிட்டு வரலாம். இல்லைன்னா வீட்டுக்கு வீடு மாறிக்கிட்டே போகலாம், பெட்டி படுக்கை வேனில் வந்து சேரும். ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் குதிரை மேல, 20 முதல் 30 கிலோமீட்டர். பாதை திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, ஓக் காடு வழியா போகும். மலைச்சரிவில் ‘வாக்’, சமதளத்தில் ‘ட்ராட்’, நல்ல மண் பாதை கிடைச்சா ‘கேன்ட்டர்’ என்ற பாய்ச்சல். மதியம் குதிரைகளை நிழலில் கட்டிட்டு ரொட்டி, சீஸ், தக்காளி. வைன் டேஸ்டிங் எல்லாம் குதிரை லாயத்துக்குப் போன பிறகுதான். நல்ல கைடுகள் இதில் கறாரா இருப்பாங்க. இருக்கணும்.

செலவு? ஃப்ளைட் இல்லாமலேயே ஒரு வாரம் ஆயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டும். அதனால, காசு கட்டறதுக்கு முன்னாடி எதுக்குக் கட்டறோம்னு தெரிஞ்சுக்கறது நல்லது.

கௌபாயைத் தோற்கடிச்ச ஆளுங்க

டஸ்கனியின் தெற்கே, கடலோரமா இருக்கு மரேம்மா. ஒரு காலத்தில் சதுப்பு நிலம், மலேரியா பூமி. இங்கே நீளக் கொம்புள்ள சாம்பல் நிற மாடுகளைக் குதிரை மேல இருந்தபடி மேய்க்கிறவங்களுக்கு ‘புத்தேரி’ன்னு பேர். 1890-ல் அமெரிக்காவின் பஃபல்லோ பில் தன் கௌபாய் ஷோவோடு ரோமுக்கு வந்தப்போ, ரோமுக்குத் தெற்கே இருந்து வந்த புத்தேரிகள் முரட்டுக் குதிரையை அடக்கும் போட்டியில் கௌபாய்களை ஜெயிச்சதா இத்தாலிக்காரங்க இன்னைக்கும் பெருமையா சொல்வாங்க.

இந்தத் தொழில் இன்னும் சாகலை. 1975-ல் உருவான மரேம்மா பூங்காவுக்குள்ள, டஸ்கனி மாநில அரசுக்குச் சொந்தமான அல்பெரேசே பண்ணையில் புத்தேரிகள் இப்பவும் மாடு மேய்க்கிறாங்க. நல்லா சவாரி தெரிஞ்சவங்க அவங்களோடு காலையில் கிளம்பி மேய்ச்சலைப் பார்க்கலாம். என்னைக் கேட்டா, கியான்டியைவிட இதுதான் அசல். குதிரை இங்கே போட்டோவுக்கு நிக்கலை, வேலைக்கு வந்திருக்கு. இந்தப் பக்கத்து சிவப்பு வைனுக்கு ‘மொரெல்லினோ’ன்னு பேர். கரும்பழுப்புக் குதிரையின் நிறத்தில் இருந்து அந்தப் பேர் வந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு.

தட்டில் என்ன?

இத்தாலின்னாலே பீட்சான்னு நினைக்கிறவங்க இங்கே ஏமாறுவாங்க. மரேம்மாவின் ஸ்பெஷல் ‘அக்வாகோத்தா’. அர்த்தம், ‘வெந்த தண்ணி’. மாடு மேய்க்கிறவங்க வெங்காயம், தக்காளி, கையில் கிடைச்ச கீரையைக் கொதிக்க வெச்சு, காய்ஞ்ச ரொட்டி மேல ஊத்தி, வசதி இருந்தா ஒரு முட்டையை உடைச்சு விட்டுச் சாப்பிட்ட சாப்பாடு. நம்ம பழைய சோறு ஸ்டார் ஹோட்டல் மெனுவில் ஏறின கதைதான் அதுக்கும்! முந்தின நாள் காய்கறி சூப்பில் ரொட்டியைப் போட்டு மறுபடி சூடாக்கினா ‘ரிபொல்லீட்டா’. டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் நாள் சப்புன்னு இருக்கும், கூடவே உப்பான பெகோரினோ சீஸைக் கடிச்சதும் காரணம் புரியும். கடைசியா பாதாம் போட்ட கன்டூச்சி பிஸ்கட்டை ‘வின் சான்டோ’ என்ற இனிப்பு வைனில் முக்கிச் சாப்பிடுவாங்க. டீக்கடையில் பொறை முக்கிப் பழகின நமக்கு ட்ரெய்னிங்கே தேவையில்லை.

சைவம் மட்டும் சாப்பிடறவங்க கவனிங்க. அங்கே பாரம்பரிய சீஸ் பலதிலும் பாலைத் திரிக்க கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பாங்க. முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

கியான்டி கிளாசிகோவில் குறைஞ்சது 80 சதவிகிதம் சாஞ்சோவேசே திராட்சை இருக்கணும்ங்கறது விதி. எல்லையும் விதிதான். 1716-லேயே டஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ, எந்தெந்த ஊரில் விளைஞ்சா கியான்டின்னு சொல்லலாம்னு உத்தரவு போட்டுட்டார். இப்போ நாம பேசற புவிசார் குறியீட்டுக்கு அதை ஒரு முன்னோடின்னு சொல்லலாம். அதே சாஞ்சோவேசே இப்போ மகாராஷ்டிராவின் அக்லூஜ் பக்கம் ஃப்ராடெல்லி தோட்டத்திலும் விளையுது.

தங்கும் வீட்டுக்குப் பின்னால்

நீங்க தங்கப்போற கல் வீடு பெரும்பாலும் ஒரு காலத்தில் வாரத்துக்கு உழுத விவசாயியின் வீடா இருக்கும். விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரருக்கு, பாதி இவருக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடும்பம் குடும்பமா ஃபேக்டரி வேலைக்கு நகரம் போனாங்க. வீடுகள் பூட்டிக் கிடந்தது. 1985-ல் இத்தாலி ‘அக்ரிடூரிஸ்மோ’ சட்டம் கொண்டுவந்தது. விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம், ஆனா விவசாயம்தான் பிரதான தொழிலா இருக்கணும். நீங்க கொடுக்கிற காசில் ஒரு பங்கு ஆலிவ் மரத்துக்கும் போகுது. புக் பண்ணும்போது அது நிஜமான அக்ரிடூரிஸ்மோவா, பேருக்கு ஃபார்ம்ஹவுஸான்னு கேளுங்க. நகரி, பள்ளிப்பட்டு பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கும் இந்தப் பத்தியை ஃபார்வர்ட் பண்ணலாம்.

முதல்ல இங்கே ஏறுங்க

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒருத்தர் கயிறு பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது கணக்கில் வராது. நானும் அதை வெச்சு ‘எனக்கு ரைடிங் தெரியும்’னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தேன். முதல் முறையா ட்ராட்டில் உட்கார்ந்தப்போதான், ரெண்டு நாள் மாடிப்படி ஏற முடியாம, உண்மை தெரிஞ்சது. ஆறு மணி நேர சவாரிக்கு, குதிரையைத் தனியா நிறுத்த, திருப்ப, ட்ராட்டில் எழுந்து உட்காரத் தெரியணும். அதுக்கு நாலஞ்சு மாசம் முறையான கிளாஸ் வேணும்.

திருத்தணியில் இருந்து காஞ்சிபுரம், திண்டிவனம் வழியா போனா ஆரோவில் பக்கம் ‘ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல்’ இருக்கு. புதுசா கத்துக்கிறவங்களுக்கும் இங்கே பயிற்சி உண்டு. செம்மண் பாதை, முந்திரித் தோப்புன்னு ஏரியாவும் சவாரிக்கு ஏத்தது. ஆரோவில்லின் ‘லா ஃபெர்ம்’ சீஸும் அங்கேயே கிடைக்கும். டஸ்கனி கனவுக்கு இது பட்ஜெட் ட்ரெய்லர்.

உடல் எடையையும் மறைக்காதீங்க. பல இடங்களில் 85, 90 கிலோதான் லிமிட். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் அஞ்சில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னு பொதுவா பார்ப்பாங்க. பொய் சொன்னா வலி குதிரையின் முதுகுக்கு.

சீசன்னு பார்த்தா ஏப்ரல் முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். திராட்சை அறுவடை பார்க்கணும்னா செப்டம்பர். ஆகஸ்ட் வெயில் குதிரைக்கும் ஆகாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்தே விண்ணப்பிக்கலாம். குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் பாலிசியில் குதிரைச் சவாரி கவர் ஆகுதான்னு சின்ன எழுத்தையும் படிங்க, பல பாலிசிகள் அதைச் சாகச விளையாட்டுன்னு ஒதுக்கிடும். ஹெல்மெட் அங்கேயே தருவாங்க. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், உள்பக்கத் தையல் தொடையை உரிச்சிடும். ரைடிங் பேன்ட் இல்லைன்னா தையல் உறுத்தாத லெக்கிங்ஸ், சின்ன ஹீல் வெச்ச ஷூ. அங்கவடியில் கால் முழுசா உள்ளே போய் மாட்டிக்காம இருக்க அந்த ஹீல்தான் தடுப்பு.