பால்மரமும் கித்தாமரமும்: ஒரு தொகைச்சொல்லின் வரலாறு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் காஹாங்கை நெருங்குகையில் கண்ணில் படுவது செம்பனையே. ஜொகூர்த் தோட்டங்களில் செம்பனைக்கு முன் கோலோச்சிய மரத்துக்குத் தமிழர் வழங்கிய பெயர்கள் இரண்டு: கித்தாமரம், பால்மரம். இப்பெயர்களின் பிறப்பே இவ்வுரையின் பொருள்.

மரம் அயல்நாட்டது. அமேசான் காட்டு விதைகள் இலண்டனின் கியூ பூங்காவில் முளைக்க, அவ்வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. மரம் புதிது, அதன் பெயர்களில் உள்ள உறுப்புகளோ மிகப் பழையன.

கித்தா என்பது மலாய்மொழியின் 'கெத்தா'. மரப்பால், பிசின் அனைத்துக்கும் பொதுப்பெயர். முன்மொழி கடன், பின்மொழி தமிழ். பின்லாந்து மொழியில் இதே மரம் 'குமிபூ' எனப்படும். குமி என்பது சுவீடிய மொழிவழி வந்தது. அதன் தடம் இலத்தீன், கிரேக்கம் எனப் பின்சென்று பண்டைய எகிப்தை எட்டுகிறது. 'பூ' (அங்கே அது மலரன்று, மரம்) யூராலிய மூலமொழிச் சொல். கித்தாமரம் போலவே கடனும் சொந்தமும் கலந்த தொகை. இதைக்கொண்டு இனவுறவு பேசலாகாது. கால்டுவெல் 1856இல் பின்னியம் உள்ளிட்ட மொழிகளோடு திராவிடத்தை இணைக்க முயன்றார். அக்கருத்து இன்று நிலைபெறவில்லை.

பால்மரம் முழுதும் நம்முடையது. பால் தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் அறிந்த மக்களுக்கு, கீறினால் வெண்சாறு வடிக்கும் புதுமரம் பால்மரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பாலையுடைய மரம் என விரிவதால் இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

ஆனால் புணர்ச்சியைக் கவனியுங்கள். லகரத்தின்முன் மெல்லினம் வரின் லகரம் னகரமாகும் என்பது நன்னூல் விதி. நூல் + மரபு, நூன்மரபு ஆனது அவ்வாறே. அவ்விதிப்படி இது 'பான்மரம்' ஆதல் வேண்டும், ஆகவில்லை. ஏட்டில் ஆக்கப்படாமல், நிரையில் நின்று மரம் சீவியவர்களின் பேச்சில் பிறந்த சொல் என்பதற்கு இந்தத் திரியாத லகரத்தையே நான் சான்றாகக் கொள்கிறேன்.

இதை உணர எனக்குக் காலம் பிடித்தது. பணியேற்ற புதிதில், மரம் சீவுபவர் ஒருவரின் மகன் எழுதிய கட்டுரையில் பால்மரத்தைப் 'பான்மரம்' எனச் சிவப்பு மையால் திருத்தினேன். "அப்படியொரு மரம் எங்கள் தோட்டத்தில் இல்லை, ஐயா" என்றான். விதியை ஓதிக்காட்டி அவனை அமர வைத்துவிட்டேன். மதிப்பெண்ணும் குறைத்தேன். இன்று அகராதி தொகுப்போரிடம் நான் வேண்டுவது, பால்மரம் என்னும் வடிவத்தையே தலைச்சொல்லாக இடுக என்பதே.