ஆம்பூர்ச் சாலையில் ஒரு பந்தி

பதினான்கு கிலோமீட்டர் மலைவலம் வருவோர்க்கு அன்னமிடுவது திருவண்ணாமலையின் நெடுநாள் வழக்கம். வழிப்போக்கரின் பசியறிந்த அவ்வூரிலிருந்து செங்கம், திருப்பத்தூர், வாணியம்பாடி வழியே பயணித்து, நண்பகலில் ஆம்பூரை அடைந்தோம். உள்ளூரார் விரும்பி உண்ணும் கடை எதுவென வினவினோம். தெருமுனையில், மூடிமேல் தணல் பரப்பிய தேக்சா ஒன்றைச் சுட்டினார் ஒரு பெரியவர்.

நாம் வந்த பாதை பசியால் போர்கள் திசைமாறிய பாதை. 1767 செப்டம்பரில் செங்கம் அருகே ஹைதர் அலியின் படை, ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்தை எதிர்கொண்டது. தாக்குதலைச் சமாளித்த ஸ்மித், தம் உணவுப்பொருள்களைப் பறிகொடுத்துத் திருவண்ணாமலைக்கு விரைந்தார். அம்மாத இறுதியில் அங்கு நிகழ்ந்த போரில் ஹைதரும் நிஜாமும் பின்வாங்கினர். பின்னர் ஹைதர் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். டிசம்பரில் அம்முற்றுகை விலகிற்று. முன்னதாக, 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரிலேயே மாண்டார்.

நவாபுகளின் சமையற்கட்டிலிருந்தே பிரியாணி இவ்வூருக்கு வந்தது என்பது செவிவழி மரபு. பெயர் பாரசீகச் சொல்லடியாகப் பிறந்தது; அரிசியோ தமிழக வயல்களின் சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது அதற்கு நிறமும் காரமும் தருகிறது. அம்மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியே இந்தியாவுக்கு வந்த பயிரே. முக்கால் வேக்காட்டில் வடித்த சோற்றை இறைச்சியோடு சேர்த்துத் ‘தம்’ இடுவர். உடன் பரிமாறப்படுவன புளி சேர்ந்த கத்தரிக்காய்க் குழம்பும் தயிர் வெங்காயமும்.

அரண்மனை உணவை ஊரார் உணவாக்கியதில் தோல் தொழிலுக்குப் பெரும்பங்குண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் தோல் பதனிடும் தொழிலில் முஸ்லிம் வணிகர் முன்னின்றனர். முஸ்லிம்களும் பட்டியலினத்தாரும் அதில் உழைத்தனர். உழைப்பாளிக்குக் குறைந்த விலையில் வயிறு நிறைத்தது மாட்டிறைச்சிப் பிரியாணி.

2022 மே மாதத்தில் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் திட்டமிட்டது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமளிக்கப்படவில்லை, எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணங்காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கோரிற்று.

மாட்டிறைச்சி உண்ணாதோரின் உணர்வு மதிக்கத்தக்கதே. எவரையும் உண்ணுமாறு எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், ஓர் ஊரின் உணவைப் பெருமையெனக் கொண்டாட முனைவோர், அவ்வூரின் உழைப்பாளர் அன்றாடம் உண்பதை விலக்கிவைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

அன்று நாம் அமர்ந்த நீள்பலகையில் ஒருபுறம் லாரி ஓட்டுநர். மறுபுறம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த இளைஞர். கத்தரிக்காய்க் கிண்ணத்தை அவர்தாம் நம் பக்கம் நகர்த்தி வைத்தார்.