கடவுச்சொல் ஒத்திசைவு
கடவுச்சொல் ஒத்திசைவு என்பது ஓர் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் பயனரின் பிற கணினிகளிலும் கிடைக்கச் செய்யும் வசதி ஆகும். பயர்பாக்ஸ் உலாவியில் இது 2011 இல் வெளியான 4 ஆம் பதிப்பு முதல் உள்ளது. கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்ட பின்னரே வழங்கிக்கு அனுப்பப்படுகின்றன.

மேலூர் போன்ற ஊர்களின் இணைய மையங்களில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவர். அங்கு ஒத்திசைவுக் கணக்கினுள் நுழைந்தால், வீட்டில் சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தும் அக்கணினியில் இறங்கிவிடும். வெளியேறும்போது தரவை நீக்கும் தெரிவைக் குறிக்காவிடின் அவை அங்கேயே தங்கும். முதன்மைக் கடவுச்சொல் இடப்படாத கணினியில் அடுத்து அமர்பவர் அவற்றை உலாவியிலேயே படிக்க வாய்ப்புண்டு.

வேறு உலாவிக்கு மாறுவோர் கடவுச்சொற்களைச் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். இது மறையாக்கப்படாத வெற்று உரை. இறக்குமதி முடிந்ததும் அழித்துவிட வேண்டும். சென்னை நிறுவனமான சோகோவின் 'வால்ட்', நீட்சிகள் வழியே பல உலாவிகளிலும் இயங்குகிறது.