சேன்-மார்த்தேன் கால்வாய்க்கரை (திரைப்படக் களம்)

பாரிஸ் நகரின் பத்தாவது வட்டாரத்தில் ஓடும் சேன்-மார்த்தேன் கால்வாயும், அதன் இருகரைத் தெருக்களான வால்மி, ஜெமாப் துறைகளும் சேர்ந்தது இப்பகுதி. ஒருகாலத்தில் கிடங்கும் பட்டறையும் கூலித் தொழிலாளர் விடுதிகளுமாக இருந்த இடம். 1930களிலிருந்து பிரெஞ்சுத் திரைப்படத்திலும் பின்னர் தொலைக்காட்சியிலும் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஆனால் இந்தக் கரைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த படம் இங்கே எடுக்கப்படவில்லை.

பாரிஸ் மக்களுக்குக் குடிநீர் தரவேண்டும் என்று 1802இல் நெப்போலியன் இட்ட ஆணையே கால்வாயின் தொடக்கம். ஊர்க் ஆற்று நீரை நகருக்குள் கொண்டுவரும் திட்டத்தின் ஒரு பகுதி இது. செலவுக்கு ஒயின் மீது வரி போட்டார்கள். 1825இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 4.5 கிலோமீட்டர். மேல்முனைக்கும் சேன் நதியைத் தொடும் கீழ்முனைக்கும் நடுவே 25 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. அதைச் சமாளிக்க 9 ‘லாக்’குகள் கட்டினார்கள். படகு ஓர் அறைக்குள் நுழையும்; பின்கதவு மூடும்; நீர் மெல்ல ஏறும் அல்லது இறங்கும்; பிறகு முன்கதவு திறக்கும்.

இந்தக் காத்திருப்புதான் கேமராவுக்குக் கிடைத்த வரம். வேறெந்தத் தெருவிலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். இங்கே படகு நிற்கும், படகுக்காரர் கரைக்காரரோடு பேசுவார், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். படகு அடியில் புகுந்து போவதற்காக வில்லாக வளைத்துக் கட்டிய இரும்பு நடைபாலங்கள் இன்னொரு வசதி. பாலத்தின் உச்சியில் நிற்கும் இருவரைக் கீழிருந்து படம்பிடித்தால் பின்னால் வானமும் மரக்கிளையும் மட்டுமே தெரியும்.

எழுத்தாளர் எழேன் தபியின் பெற்றோர் 1923இல் ஜெமாப் துறை 102ஆம் எண் கட்டடத்தில் இருந்த ‘ஒத்தெல் து நோர்’ விடுதியை வாங்கினார்கள். அங்கே தங்கிய லாக் காவலர்கள், வண்டிக்காரர்கள், வேலைக்காரப் பெண்களைப் பார்த்து எழுதிய நாவலைத் தபி 1929இல் வெளியிட்டார். நாவலின் முடிவில் விடுதி இடிக்கப்படுகிறது. தபி 1936இல் இறந்துபோனார். இரண்டு ஆண்டு கழித்து மார்செல் கார்னே அந்த நாவலைப் படமாக்கினார்; இக்கரைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த படம் அதுதான்.

கலை இயக்குநர் அலெக்ஸாந்தர் திரோனேர், பியான்கூர் ஸ்டுடியோ அருகே பள்ளம் தோண்டித் தண்ணீர் விட்டுக் கால்வாயையே கட்டினார். நடைபாலம், லாக், விடுதியின் முகப்பு எல்லாம் செட். உண்மையான கரையில் படகுப் போக்குவரத்தையும் கூட்டத்தையும் நிறுத்திவைத்து வாரக்கணக்கில் படமெடுப்பது நடக்கிற காரியமில்லை. ஆர்லெத்தியும் லூயி ஷூவேயும் பாலத்தில் சண்டையிடும் காட்சி பிரெஞ்சு சினிமாவின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று. அவர்கள் நின்ற பாலமும் பியான்கூரில் போட்டதுதான். போலிக் கால்வாய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரவின் ஈரம், விளக்கின் மங்கல், ஜூலை 14 கொண்டாட்டத்தின் நெரிசல் ஆகியவற்றைத் திரோனேர் பிடித்த விதத்தில்தான் பாரிஸ்காரர்களே தங்கள் கால்வாயை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நிஜக் கரைக்கு வந்த படங்களில் பெர்த்தொலுச்சியின் ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ (1972) குறிப்பிடத்தக்கது. அதில் ஒரு மிதவை வளையம் தண்ணீரில் வீசப்படுகிறது; அதன்மேல் ‘லத்தலாந்த்’ என்று எழுதியிருக்கும். சரக்குப் படகில் குடும்பம் நடத்தும் இளந்தம்பதியைப் பற்றி ழான் விகோ 1934இல் எடுத்த படத்தின் பெயர் அது. விகோ அந்த ஆண்டே 29 வயதில் இறந்தார். மிதக்க வேண்டிய வளையம் மூழ்கிவிடுகிறது. முன்னோடிக்கு ஓர் இயக்குநர் செய்த மரியாதை இது.

தொலைக்காட்சிக்குக் கால்வாயைக் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் சிமெனோன் எனலாம். 1860களில், பாரிஸை மாற்றியமைத்த நிர்வாகி ஊஸ்மான் கால்வாயின் தென்பகுதியைத் தாழ்த்தி, மேலே மூடி ரிஷார்-லெனுவார் சாலையைப் போட்டார். கிளர்ச்சிக் காலங்களில் தொழிலாளர் பேட்டைக்கு அகழியாகப் பயன்பட்ட நீர்வழி அது. அந்தச் சாலையில்தான் சிமெனோன் தம் துப்பறியும் அதிகாரி மெக்ரேயைக் குடிவைத்தார். 1955இல் வந்த மெக்ரே நாவலொன்றில், வால்மி துறையருகே சரக்குப் படகின் சுழலியில் ஏதோ சிக்குகிறது. கொக்கிக் கழியால் இழுத்தால் மனிதக் கை வருகிறது. ழான் ரிஷார் நடித்த தொடரும் (1967–1990), புருனோ க்ரெமேர் நடித்த தொடரும் (1991–2005) இக்கதையைப் படமாக்கின.

இதற்கிடையே சரக்குப் படகுகள் குறைந்துபோயின. 1960களில் கால்வாயை மூடி விரைவுச்சாலை அமைக்கும் திட்டம் எழுந்து, பிறகு கைவிடப்பட்டது. விடுதிக் கட்டடத்துக்கும் இடிபடும் அபாயம் வந்தது. கார்னே படத்தின் புகழைச் சொல்லிப் போராடியதால் 1989இல் அதன் முகப்பு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமானது. 1993இல் கால்வாயும் அப்பட்டியலில் சேர்ந்தது. தபியின் நாவலில் இடிந்த விடுதி ஒரு ஸ்டுடியோ செட்டின் தயவால் பிழைத்தது.

ழான்-பியேர் ழனேயின் ‘அமேலி’ (2001) உலகெங்கிலுமிருந்து ஆட்களை இழுத்துவந்தது. லாக் விளிம்பில் நின்று ஓத்ரே தோத்தூ தட்டைக்கல்லைத் தண்ணீர்மேல் தத்தவிடும் காட்சி அஞ்சலட்டையானது. ஆனால் ழனே தெருச்சுவர்க் கிறுக்கல்களை நீக்கி, கணினியில் வண்ணம் கூட்டியே அந்த பாரிஸைக் காட்டினார். அதன் மறுபக்கம் 2006 டிசம்பரில் தெரிந்தது. வீடற்றோருக்காக ‘தோன் கிஷோத்தின் பிள்ளைகள்’ இயக்கம் இதே கரையில் சிவப்புக் கூடாரங்களை வரிசையாக அடித்தது; அடுத்த மார்ச்சில் வீட்டுரிமைச் சட்டம் வந்தது. அப்போராட்டத்தின் ஆவணப்படம் 2008இல் வெளியானது. இக்கரையைப் பற்றிய படங்களில் ‘அமேலி’க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது இது.

விடுதியின் பழைய முகப்புக்குப் பின்னால் இருப்பது புதுக்கட்டடம். கீழ்த்தளத்தில் உணவகம் நடக்கிறது. நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பலிலிருந்து கால்வாய் நடந்துபோகும் தூரம்தான். போகிறவர்கள் கார்னேயின் படத்தை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள்.