தொண்டைப் புற்றும் வைரசும்: நோர்வூட்டை முன்வைத்து ஒரு நோக்கு

நோர்வூட் மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்கு வெற்றிலை பழந்துணை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலகப் புற்றுநோய் ஆய்வகம் 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் அத்தகையதே என்பது 2004இல் வெளிவந்த முடிபு.

மேலைநாட்டிலோ வேறொரு வித்து வெளிப்பட்டது. 1983இல் கருப்பைக் கழுத்துப் புற்றில் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையை ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் கண்டனர். 2000இல் மவுரா கில்லிசன் குழுவினர் 253 தலை, கழுத்துப் புற்றுக்களை ஆராய்ந்தபோது, நான்கிலொன்றில் பப்பிலோமா வைரசு இருந்தது. அவற்றுள் மிகப்பலவற்றில் அதே 16ஆம் வகை! அடிநாச்சதை உள்ளிட்ட தொண்டைப் பகுதியே அதன் முதன்மை உறைவிடம்.

கட்டியின் அளவையும் பரவலையும் கொண்டே ஆயுளைக் கணித்துவந்த மருத்துவர்க்கு 2010ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு வியப்பளித்தது. முற்றிய தொண்டைப் புற்றுடையோருள் வைரசு காணப்பட்டவரில் 82.4 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர், காணப்படாதவரில் 57.1 விழுக்காட்டினரே. இருவகையையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாதென, 2017இல் வந்த அமெரிக்க நிலைப்பகுப்பு நூல் வைரசுவழித் தொண்டைப் புற்றுக்குத் தனி வரிசை வகுத்தது.

ஆயினும் இந்நற்செய்தியைத் தோட்டத்து வாய்ப்புற்றுக்கு ஏற்றிக் கூறுதல் தவறு. வெற்றிலையால் வரும் புற்று பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் நாவிலும் எழுவது. வைரசுவழித் தொண்டைப் புற்றின் கணிப்பு அதற்குரியதன்று. வைரசு உடையவரிலும் நெடுங்காலம் புகைபிடித்தோர்க்கு அந்நலம் குன்றியதென அவ்வாய்வே கூறுகிறது. அவ்வாறாயின், வெற்றிலை மெல்லுவோரின் கன்னத்து வெண்படலத்தைக் காலத்தில் மருத்துவர் காண்பதே அவர்தம் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பது.