விபத்துன்னு சொல்லாத அப்பா

நெதர்லாந்துன்னாலே சைக்கிள்தான் ஞாபகம் வரும். பொறந்தப்பவே பெடல் மிதிச்சவங்கன்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன். தோண்டிப் பார்த்தா கதையே வேற!

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அங்கேயும் காசு வந்தது, கார் வந்தது. வீடுகளை இடிச்சு ரோடு போட்டாங்க. 1971-ல மட்டும் சாலையில் செத்தவங்க சுமார் 3,300 பேர். அதுல 400க்கும் மேல குழந்தைகள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ஆறு வயசுப் பொண்ணும் அதுல ஒருத்தி. அவளோட அப்பா விக் லாங்கன்ஹோஃப் பத்திரிகையாளர். 1972-ல தன் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்து'. கவனிங்க, விபத்துன்னு எழுதல. கொலை!

அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்துக்குப் பேராச்சு. ஜனங்க தெருவை மறிச்சு குழந்தைகளை விளையாட விட்டாங்க. பிரதமர் டென் அய்ல் வீட்டுக்கே சைக்கிளில் போய்ப் பாட்டுப் பாடினாங்க. 1973 எண்ணெய் நெருக்கடியில் அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தச் சொல்லிச்சு. காரில்லாத ரோடு எப்படியிருக்கும்னு நாடே பார்த்தது. 1975-ல சைக்கிள்காரங்களுக்குச் சங்கம். 1976-ல, கார் நடைவேகத்தில் மட்டுமே போகணும்கிற 'வூனெர்ஃப்' தெருக்களுக்குச் சட்டம்.

கார்கள் பல மடங்கு பெருகியும், இப்போ அங்கே சாலை மரணங்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழ.

விபத்துன்னா விதின்னு விட்டுடுவோம். கொலைன்னா, யார் காரணம்னு கேட்டே ஆகணும் இல்லையா? அவங்க கேட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.