தரைவிரிப்பு, மெத்தை இருக்கைத் துப்புரவு இயந்திரங்கள் (சிங்கப்பூர்)

தரைவிரிப்புத் துப்புரவு இயந்திரம் என்பது தரைவிரிப்பின் இழைகளிலும் மெத்தை இருக்கைகளின் துணியிலும் படிந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கறை ஆகியவற்றை, அவை இருக்கும் இடத்திலேயே அகற்றும் தொழில்முறைக் கருவி. பாயையும் ஜமக்காளத்தையும் உதறி வெயிலில் போடலாம். தரையோடு ஒட்டப்பட்ட விரிப்பையும் நாலு பேர் தூக்கும் சோபாவையும் அப்படிச் செய்ய முடியாது. அலுவலகங்கள், தங்குவிடுதிகள், திரையரங்குகள், வழிபாட்டிடங்கள், வீடுகள் ஆகியவற்றில் இவ்வகை இயந்திரங்கள் பயன்படுகின்றன.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. ஆகவே இங்கு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் அளவுகோல், அது தெளிக்கும் தண்ணீரில் எவ்வளவைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பதே. உறிஞ்சிய அழுக்கு நீரை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கேள்வி. தீவின் வடக்கிலுள்ள கிராஞ்சி வட்டாரத்தின் நீர்க் கட்டமைப்பைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

வரலாறு

அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை நடத்திய மெல்வில் பிஸ்ஸல், தள்ளும்போது தூரிகை சுழலும் கம்பளப் பெருக்கிக்கு 1876ல் காப்புரிமை பெற்றார். 1901ல் பிரிட்டிஷ் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், காற்றால் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கினார். அது குதிரை வண்டியில் தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் போகும். மன்னர் ஏழாம் எட்வர்டின் 1902ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்காக, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்கள் அந்த இயந்திரத்தால் துப்புரவு செய்யப்பட்டன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுடுநீரைத் தெளித்து உடனே உறிஞ்சும் முறை பரவியது. அமெரிக்காவில் வேனில் பொருத்திய பெரிய இயந்திரங்கள் வழக்கமாயின. இத்தொழிலுக்குச் சான்றிதழ் வழங்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பு 1972ல் அங்கு தோன்றியது. அதன் எஸ்100 தரநிலை தரைவிரிப்புக்கும், எஸ்300 தரநிலை மெத்தை இருக்கைகளுக்கும் உரியவை.

வேனில் பொருத்திய இயந்திரம் சிங்கப்பூருக்கு அவ்வளவாக ஒத்துவராது. மக்களில் நால்வரில் மூவருக்கும் மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள்; அலுவலகங்களும் உயர் கட்டடங்களில்தான் இருக்கின்றன. கீழே நிற்கும் வேனிலிருந்து 20ஆம் மாடிக்குக் குழாய் இழுத்தால் வழியிலேயே உறிஞ்சு விசை போய்விடும். மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய, சக்கரம் வைத்த இயந்திரமே இங்கு பொருத்தமானது.

வகைகள்

தெளித்து உறிஞ்சும் இயந்திரத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. நல்ல நீர்த் தொட்டியிலிருந்து பம்பு கரைசலைத் தெளிக்க, பின்னாலேயே வரும் உறிஞ்சு வாய் அதை அழுக்குடன் இழுத்து மறு தொட்டியில் சேர்க்கிறது. பலர் இதை நீராவித் துப்புரவு என்று அழைத்தாலும் இதில் பயன்படுவது நீராவி அன்று, சுடுநீரே. ஆழ்ந்த அழுக்கை எடுப்பதில் இம்முறைக்கு இணை குறைவு. மிகுதியாக நனைப்பதும் இதுதான்.

சுழல் வட்டு இயந்திரம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை சுழலும். கரைசலில் நனைத்த பஞ்சு வட்டு மேற்பரப்பு அழுக்கைத் துடைத்தெடுக்கும். வேகமாக உலரும் என்றாலும் அடி இழையில் உள்ள அழுக்கு அப்படியே இருக்கும். வெட்டிழை விரிப்பில் வட்ட வட்டமாகத் தடம் விழவும் கூடும்.

உறைப்படிகமாக்கல் முறையில் அழுக்கைச் சுற்றிக்கொள்ளும் பாலிமர் கரைசலைக் குறைந்த அளவில் தெளித்து, எதிரெதிராகச் சுழலும் இரட்டைத் தூரிகையால் தேய்க்கிறார்கள். கரைசல் உலர்ந்து பொடியாக நொறுங்கியபின் தூசி உறிஞ்சியால் எடுத்துவிடலாம். அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் சதுரத் துண்டு விரிப்புகளின் இடைக்காலத் துப்புரவுக்கு ஏற்றது.

இவை அனைத்துக்கும் முன்னால் வருவது சாதாரணத் தூசி உறிஞ்சி. விரிப்பிலுள்ள அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை முதலில் எடுக்காமல் தண்ணீர் விட்டால் தூசி சேறாகி இழைக்குள் இறங்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருப்பது நல்லது. சிங்கப்பூர் வீட்டுத் தூசியில் மிகுதியாகக் காணப்படும் புளோமியா டிராப்பிக்காலிஸ் என்னும் தூசிப்பூச்சி, ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுவது.

தேர்வு அளவுகோல்கள்

துப்புரவுக்குக் காலம், வெப்பம், தேய்ப்பு, வேதிப்பொருள் என்னும் நான்கு கூறுகள் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். ஜெர்மனியின் ஹெங்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் 1959ல் வகுத்த இக்கருத்து ‘சின்னர் வட்டம்’ எனப்படுகிறது. வெப்பமூட்டி உள்ள இயந்திரத்துக்குச் சோப்புக் கரைசல் குறைவாகப் போதும் என்பதற்கு இதுவே காரணம்.

உறிஞ்சு விசையை இரண்டு எண்களால் அறியலாம். ஒன்று, தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் என்னும் அளவு. மற்றொன்று, நொடிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்பது. முன்னது தண்ணீரை இழையிலிருந்து பிரிக்கிறது. பின்னது அதைக் குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுபோகிறது. விளம்பரத்தில் ஓர் எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் மற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். குழாய் நீள நீள உறிஞ்சும் திறன் குறையும்.

பம்பின் அழுத்தம் கூட்டிக் குறைக்கும்படி இருப்பது அவசியம். தரைவிரிப்புக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் பயன்படும். மெத்தை இருக்கையில் அதே அழுத்தத்தைச் செலுத்தினால் தண்ணீர் துணியைக் கடந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் தங்கிவிடும்.

சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செருகிக்கு வரம்பு 13 ஆம்பியர். அதாவது ஒரு செருகியில் ஏறக்குறைய 3,000 வாட் வரைதான் எடுக்கலாம். வெப்பமூட்டியும் இரண்டு உறிஞ்சு மோட்டாரும் கொண்ட இயந்திரம் அதைத் தாண்டும் என்பதால் இரண்டு மின்கம்பிகளுடன் வரும். அவற்றை வெவ்வேறு மின்சுற்றுகளில் செருக வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்த இயந்திரத்தை விலை மலிவு என்று தருவித்தால் இங்கு நேராக இயக்க முடியாது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து இயங்கும் கருவி இது என்பதால், வேலையிடத்தில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது இருப்பது சிங்கப்பூரில் கட்டாயம்.

எடையும் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டி நிறைந்தால் இயந்திரத்தோடு 40 கிலோ கூடும். சிங்கப்பூரின் துப்புரவாளர்களில் மூத்தோர் பலர். பெரிய பின்சக்கரமும், குனியாமல் பிடிக்கும் உயரத்தில் கைப்பிடியும், தூக்கிக் கவிழ்க்காமல் அடியிலிருந்து வடிக்கும் குழாயும் அவர்களின் இடுப்பையும் முதுகையும் காப்பவை. இவற்றை ஆடம்பரமாகக் கருதி விட்டுவிடக் கூடாது.

மெத்தை இருக்கைகள்

இருக்கைக்கு உள்ளங்கை அகலமுள்ள கைக்கருவி தேவை. அதன் முகப்பு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால், இழுபடும் நீர் கறுப்பிலிருந்து தெளிவுக்கு மாறுவதைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். பல சோபாக்களின் அடியில் ஒரு குறியீட்டு எழுத்து அச்சிட்டிருக்கும்: ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் கலந்த கரைசல் ஆகும், ‘எஸ்’ என்றால் தண்ணீரற்ற கரைப்பான் மட்டும், ‘எக்ஸ்’ என்றால் தூசி உறிஞ்சி மட்டும்.

கம்பளிக்கு 5 முதல் 8.5 வரை அமிலகாரத் தன்மை (பிஎச்) அளவுள்ள கரைசலே பாதுகாப்பானது. பட்டு, விஸ்கோஸ், சணல் ஆகியவை தண்ணீர் மிகுந்தால் பழுப்பேறும் அல்லது சுருங்கும். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் போன்ற தட்டையான பருத்தி நெசவில் எழுந்து நிற்கும் இழை இல்லை. சுழல் தூரிகை அதற்குத் தேவையும் இல்லை. ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

ஈரமும் உலர்தலும்

சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அதிகாலையில் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். நனைந்த விரிப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை முளைக்கக்கூடும். அலுவலகத் துப்புரவு பெரும்பாலும் இரவில் நடக்கிறது. பல கட்டடங்களில் மையக் குளிர்சாதனம் அதற்குள் நிறுத்தப்பட்டிருக்கும். ஆகவே ஈர விரிப்பு மூடிய அறையில் விடிய விடியக் கிடக்கிறது. மறுநாள் வீசும் புளித்த வாடைக்குச் சோப்பின் தரம் காரணமல்ல, உள்ளே தங்கிய தண்ணீர்தான். தரையோடு காற்று வீசும் விசிறிகளையும் இயந்திரச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசல் போன்ற தொழுகைக் கூடங்களில் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. அதிகாலைத் தொழுகைக்கும் நண்பகல் தொழுகைக்கும் இடையே ஏறக்குறைய ஏழு மணி நேரம் உண்டு. அதற்குள் தூசி எடுத்து, கழுவி, நெற்றி பதிக்கும் அளவுக்கு உலர்த்தி முடிக்க வேண்டும். உறிஞ்சு விசை குறைந்த இயந்திரத்தால் இது ஆகாது.

வாங்குமுன் சோதனை

விற்பவர் கொண்டுவரும் துண்டு விரிப்பில் சோதித்தால் போதாது. வேலை நடக்கப்போகும் தளத்திலேயே, குழாயை முழு நீளத்துக்கு இணைத்துச் சோதிக்க வேண்டும். அளவுக் குவளையால் 10 லிட்டர் அளந்து தொட்டியில் ஊற்றுங்கள். தெளிப்போடு ஒரு முறையும், தெளிப்பின்றி இரண்டு முறையும் இழுத்துச் செல்லுங்கள். தண்ணீர் தீர்ந்ததும் அழுக்குத் தொட்டியை அதே குவளையால் அளந்து பாருங்கள். எட்டு லிட்டர் வந்தால் இரண்டு லிட்டர் விரிப்பில் தங்கிவிட்டது. ஐந்து லிட்டர்தான் வந்தால் அந்த இயந்திரம் வேண்டாம். பிறகு ஒரு வெள்ளைத் துண்டை நான்காக மடித்து விரிப்பில் போட்டு, அதன்மேல் ஒரு நிமிடம் ஏறி நில்லுங்கள். கீழ் மடிப்பு மட்டும் லேசாக ஈரமானால் சரி. நாலு மடிப்பும் நனைந்தால் அந்த அறை மறுநாள் காலைக்குள் உலராது. தொட்டியைத் திறந்து கழுவ எத்தனை நிமிடம் ஆகிறது, உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் உள்ளூரில் கிடைக்குமா என்பவற்றையும் அப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கழிவுநீரும் கிராஞ்சியும்

சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கு திறந்த வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கிராஞ்சி ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1975ல் கிராஞ்சி நீர்த்தேக்கம் உருவாக்கப்பட்டது. அதன் அருகேதான் மரம், அறைகலன் தொழில்களுக்குப் பெயர்பெற்ற சுங்கை காடுட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையோரச் சாக்கடைகளின் நீர் ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தைச் சேரும். சோப்பும் பிசுக்கும் கலந்த தொட்டி நீரைத் தெருவோர வடிகாலில் கவிழ்ப்பது சட்டப்படி குற்றம். குடிநீர் ஆதாரத்தைக் கெடுக்கும் செயலும்கூட.

அதே நீரைக் கழிவறையில் ஊற்றினால் அது கழிவுநீர்க் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்புக்குப் போகிறது. 2008ல் நிறைவடைந்த ஆழ் சுரங்கக் கழிவுநீர் அமைப்பின் முதற்கட்டம், கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் சுரங்கத்தைக் கொண்டது. சுத்திகரித்த கழிவுநீரைப் புதுநீராக்கும் ஆலை கிராஞ்சியில் 2003 முதல் இயங்குகிறது. தொட்டியில் திரண்ட இழைக்கழிவை மட்டும் வடிகட்டிக் குப்பையில் போட வேண்டும். இல்லையேல் குழாய் அடைத்துக்கொள்ளும்.

உரிமமும் பயிற்சியும்

துப்புரவு நிறுவனங்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2014 முதல் உரிமம் வழங்கிவருகிறது. 2024 ஜனவரி 1 முதல் அது மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. துப்புரவாளரின் திறனோடு சம்பளமும் படிப்படியாக உயர வழிசெய்யும் முறையும் இத்துறையில் நடப்பில் உள்ளது. இயந்திரம் வாங்கும் நிறுவனம், அதை இயக்குபவருக்குப் பயிற்சி தருவதையும் வாங்கும் செலவிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். நாள்தோறும் வேலை முடிந்ததும் அழுக்குத் தொட்டியைக் கழிவறையில் வடித்து, நல்ல நீரால் அலசி, மூடியைத் திறந்து காயவிடுவதே இந்த இயந்திரத்துக்குச் செய்யவேண்டிய முதல் பராமரிப்பு.